கம்பியில்லா கேமிங் மவுஸை மதிப்பிடும் முறை

நுதலிய பொருள், கேட்போர், பயன், எல்லை ஆகியவற்றைச் சொல்லிவிட்டே நூலுக்குள் நுழைய வேண்டும் என்பது நன்னூல் பாயிரம் காட்டும் வழி. மவுஸைப் பற்றிய ஒரு சிறு கட்டுரைக்கும் அந்த ஒழுங்கு நன்றாகவே பொருந்துகிறது. இங்கே நுதலிய பொருள், கம்பியில்லா கேமிங் மவுஸின் மென்பொருள், ஒளி, பேட்டரி ஆகிய மூன்றும். கேட்போர், சேர்த்து வைத்த சில ஆயிரம் ரூபாயைக் கொண்டு அப்படி ஒன்றை வாங்கப்போகிறவர்களும், வாங்கிய பிறகு சார்ஜ் ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று புரியாமல் இருப்பவர்களும். பயன், பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் மணிக்கணக்கைச் சரியாகப் படிக்கத் தெரிந்துகொள்வது. எல்லை: மவுஸின் வடிவம் கைக்குப் பொருந்துமா, பட்டன்களின் அழுத்தம் எப்படி, சென்சார் எவ்வளவு துல்லியம் என்பவை முக்கியமானவைதான். அவை தனி நூலுக்கு உரியவை என்பதால் இங்கே தொடவில்லை.

பொதுவாக மவுஸை மதிப்பிடுகிறவர்கள் இம்மூன்றுக்கும் தனித்தனித் தலைப்பிட்டு, மென்பொருளுக்கு இத்தனை, லைட்டுக்கு இத்தனை, பேட்டரிக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கடைசியில் கூட்டிவிடுகிறார்கள். அந்த முறை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பேட்டரி வைத்திருக்கும் மின்னாற்றலைத்தான் லைட் செலவழிக்கிறது. எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை மென்பொருள் முடிவு செய்கிறது. ஒரே வீட்டின் வரவையும் செலவையும் கணக்குப்பிள்ளையையும் மூன்று வீடாக எண்ணி மதிப்பெண் கொடுத்தால் கிடைக்கும் கூட்டுத்தொகைக்குப் பொருள் இல்லை.

டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் 1964இல் மரப்பெட்டியில் சக்கரம் பொருத்திச் செய்த முதல் மவுஸுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அதை உலகுக்குக் காட்டியபோதும் மின்சாரம் கம்பி வழியே வந்துகொண்டிருந்தது. கம்பியை அறுத்த நாளில்தான் கணக்கு தொடங்கியது. வானொலி அலையில் இயங்கும் கம்பியில்லா மவுஸை லாஜிடெக் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லித்தியம் அயனி பேட்டரியை சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே 1991தான். இரண்டும் கேமிங் மவுஸ் ஒன்றுக்குள் மனநிறைவாகச் சேர்வதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 2005இல் வந்த லாஜிடெக் ஜி7 மவுஸோடு கழற்றி மாட்டும் பேட்டரிகள் இரண்டு வந்தன. ஒன்று மவுஸில் இருக்கும், மற்றது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு பேட்டரி முழுநாள் ஆட்டத்துக்குத் தாங்காது என்பதை அந்த வடிவமைப்பே ஒப்புக்கொண்டது. இன்று ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடும் மவுஸ்கள் இருக்கின்றன. பேட்டரி பெரிதானதால் வந்த முன்னேற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி உண்மையில் சிறுத்திருக்கிறது. சென்சாரும் ரேடியோ சில்லும்தான் சிக்கனமாகின.

பெட்டியின்மேல் இருக்கும் இரண்டு எண்கள்

எடுத்துக்காட்டாக, பலரும் அறிந்த லாஜிடெக் ஜி502 லைட்ஸ்பீட் மவுஸை எடுத்துக்கொள்வோம். 2019இல் வந்தது, 114 கிராம் எடை. நிறுவனம் தரும் கணக்கு: வழக்கமான லைட்டோடு 48 மணி நேரம், லைட்டை அணைத்துவிட்டால் 60 மணி நேரம். விளம்பரங்களில் பெரிய எண் மட்டும் முன்னால் நிற்கும். படிக்க வேண்டியது இரண்டையும்தான், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால்தான் லைட்டின் விலை தெரியவருகிறது.

கணக்கு எளிது. லைட்டோடு ஓடும் மணிகளை லைட் இல்லாமல் ஓடும் மணிகளால் வகுத்து, வருவதை ஒன்றிலிருந்து கழியுங்கள். 48ஐ 60ஆல் வகுத்தால் 0.8, கழித்தால் 0.2. அதாவது லைட் எரியும்போது பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு லைட்டுக்கே போகிறது. இதை ஒளிப்பங்கு என்று அழைப்போம். இதைக் கண்டுபிடிக்கப் பேட்டரியின் கொள்ளளவு தெரிய வேண்டியதில்லை, மவுஸைத் திறக்க வேண்டியதில்லை, கருவி எதுவும் வேண்டாம். இரண்டு எண்களையும் வெளியிடும் எந்த மவுஸுக்கும் கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்கலாம். ஹைப்பர்எக்ஸ் பல்ஸ்ஃபயர் டார்ட் மவுஸுக்குச் சொல்லப்படும் 50, 90 என்ற எண்களை இட்டால் ஒளிப்பங்கு நூற்றுக்கு 44 வருகிறது. ஏறத்தாழப் பாதி பேட்டரி விளக்குக்கு.

இந்தக் கணக்கு இன்னொரு உண்மையையும் காட்டுகிறது. லாஜிடெக் ஜி703 மவுஸ் 2017இல் வந்தபோது லைட்டோடு 24 மணி, லைட் இல்லாமல் 32 மணி, ஒளிப்பங்கு கால்வாசி. 2019இல் அதே உடலுக்குள் ஹீரோ என்ற சிக்கனமான சென்சாரை வைத்தார்கள். லைட் இல்லாமல் 60 மணியாக ஏறியது. லைட்டோடு ஏறியதோ 35 மணிக்குத்தான். ஒளிப்பங்கு நூற்றுக்கு 42 ஆகிவிட்டது. சென்சார் குறைவாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டது, விளக்கு கற்றுக்கொள்ளவில்லை. மவுஸின் மற்ற உறுப்புகள் எந்த அளவுக்குச் சிக்கனமாகின்றனவோ அந்த அளவுக்கு லைட் கூடுதலான பங்கைத் தின்னும். ஆகவே புதிய மவுஸ்களில் லைட்டைப் பற்றிய கேள்வி பழையவற்றைவிடக் கூர்மையானது. லைட்டை ஓர் அலங்காரம் என்று ஒதுக்கிவிட்டு மதிப்பீடு எழுத முடியாமல் போனது இதனால்தான்.

ஒளி

லைட்டின் மேல் எனக்கு வெறுப்பில்லை. நீல எல்இடியைக் கண்டுபிடிக்க எத்தனை காலம் பிடித்தது என்று அறிந்தவர்கள் மவுஸின் அடியில் ஒளிரும் நீலத்தை அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள். சிவப்பு எல்இடி 1960களிலேயே வந்துவிட்டது. போதிய பிரகாசமுள்ள நீலத்தை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா 1993இல்தான் காட்டினார். அக்காசாகி, அமானோ இருவரோடு அவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் வராமல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து எந்த நிறமும் செய்யும் இன்றைய லைட் சாத்தியமே இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216. பெட்டியில் எழுதியிருக்கும் 1.68 கோடி நிறங்கள் இப்படி வந்தவை. இந்த எண் எல்லா மவுஸிலும் ஒன்றுதான். எனவே ஒப்பிடுவதற்கு உதவாது.

ஒப்பிட உதவுவது, எந்த நிறத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் என்பது. மூன்று எல்இடிகளும் முழுப் பிரகாசத்தில் ஒரே அளவு மின்னோட்டம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளை நிறத்துக்கு மூன்றும் எரிய வேண்டும். தனிச் சிவப்புக்கோ தனிப் பச்சைக்கோ ஒன்று போதும். மூன்றில் ஒரு பங்கு செலவு. மஞ்சளுக்கு இரண்டு. எல்லோரும் முதல் நாள் போட்டுப் பார்க்கும் வானவில் சுழற்சி இருக்கிறதே, அது நிறவட்டத்தை ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு எல்இடியும் சராசரியாகப் பாதி நேரம் எரிந்ததற்குச் சமம். ஆக வானவில்லின் செலவு முழு வெள்ளையில் பாதி, தனிச் சிவப்பைப்போல் ஒன்றரை மடங்கு. அசையும் வண்ணங்கள்தான் பேட்டரியைத் தின்கின்றன, நிலையான வெள்ளை சாதுவானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தலைகீழானது. அமைதியாகத் தெரியும் வெள்ளையே மிக விலையுயர்ந்த நிறம்.

பிரகாசத்தைக் குறைப்பது நிறத்தை மாற்றுவதைவிடப் பெரிய சேமிப்பு. எல்இடியை மங்கலாக்க அதைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். எரியும் நேரம் குறையக் குறையச் செலவும் அதே விகிதத்தில் குறையும். நம் கண் அப்படி நேர்விகிதத்தில் பார்ப்பதில்லை. ஒளியின் அளவை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால்தான் பாதி வெளிச்சம் என்று கண் ஒப்புக்கொள்கிறது. பார்வைக்குப் பாதியை விட்டுக்கொடுத்தால் மின்னோட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு மிச்சம். லைட் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. இருட்டறையில் அந்த மங்கல் ஒளி போதுமானது, கண்ணுக்கும் இதமானது.

லைட் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான மவுஸ்களில் நிறுவனத்தின் சின்னம் உள்ளங்கை படியும் மேட்டில் ஒளிர்கிறது. மவுஸைப் பிடித்திருக்கும்வரை அதைப் பிடித்தவர் காண்பதில்லை. கையை எடுத்தபின் சில நிமிடங்களில் மவுஸ் உறங்கப்போவதால் அப்போதும் அணைந்துவிடுகிறது. ஆட்டம் நடக்கும் அத்தனை நேரமும் அது எரிவது உள்ளங்கைக்காக மட்டும். அங்கிருக்கும் லைட்டை அணைப்பதில் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. நல்ல மென்பொருள் இடத்துக்கு இடம் தனியாக அணைக்க விடும். எல்லாவற்றையும் ஒரே விசையில் கட்டிப்போட்ட மென்பொருளுக்கு இங்கே ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

செய்தி சொல்லும் லைட் வேறு சாதி. இப்போது எந்த டிபிஐ (மவுஸின் உணர்திறன்), எந்த புரொஃபைல் (சேமித்த அமைப்புத் தொகுப்பு), சார்ஜ் எவ்வளவு என்று சில நொடிகள் எரிந்து காட்டிவிட்டு அணையும் சிறு விளக்குகளுக்கு ஆகும் செலவு அற்பம், பயனோ பெரிது. ஒளியை மதிப்பிடும்போது நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். சார்ஜ் தீரப்போகிறது என்பதை ஆட்டத்தின் நடுவே மவுஸ் செத்த பிறகு தெரிந்துகொள்வது கொடுமையான அனுபவம். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான மவுஸ்கள் இந்த வழியில்தான் போயிருக்கின்றன. லாஜிடெக் ஜி புரோ வயர்லெஸ் 2018இல் 80 கிராம் எடையோடும் ஒளிரும் சின்னத்தோடும் வந்தது. லைட் இல்லாமல் 60 மணி. 2020 இறுதியில் வந்த புரோ எக்ஸ் சூப்பர்லைட்டில் அலங்கார லைட்டையே எடுத்துவிட்டார்கள். எடை 63 கிராமுக்குள் வந்தது, பேட்டரி 70 மணிக்கு ஏறியது. பரிசுப் பணத்துக்காக ஆடுகிறவர்களின் மவுஸிலிருந்து முதலில் கழன்றது எது என்பதைக் கவனித்தால் போதும்.

ஹெர்ட்ஸ் கணக்கு

லைட்டைக் குற்றம் சொல்லிவிட்டு இன்னொரு பெருந்தீனியை மறக்கக் கூடாது. மவுஸ் ஒரு நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தன் நிலையைச் சொல்கிறது என்பது போலிங் ரேட். சாதாரண மவுஸில் 125 ஹெர்ட்ஸ், அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு முறை. கேமிங் மவுஸில் 1000 ஹெர்ட்ஸ். அண்மையில் 8000 வரை போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரேடியோ விழித்துப் பேச வேண்டும். 2024இல் வந்த ரேசர் வைப்பர் வி3 புரோவுக்கு அந்த நிறுவனமே தரும் கணக்கு: 1000 ஹெர்ட்ஸில் 95 மணி, 8000 ஹெர்ட்ஸில் 17 மணி. முன்பு சொன்ன அதே கழித்தலைப் போட்டால் கூடுதல் ஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும் பங்கு நூற்றுக்கு 82. மேலே பார்த்த எந்த லைட்டும் இவ்வளவு தின்னவில்லை.

144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஏறத்தாழ 7 மில்லிநொடி. 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் அந்த இடைவெளிக்குள் ஏழு முறை தகவல் அனுப்பிவிடும். 8000 ஹெர்ட்ஸில் ஐம்பத்தைந்து முறை. திரை காட்டப்போவது ஒரே படம். 360 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட திரையும் அதற்கேற்ற கணினியும் உள்ளவர்கள் உயர்த்தி வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு 1000 போதும், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி ஹெர்ட்ஸ் வைக்க விடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வி நம்மை மென்பொருளிடம் கொண்டு சேர்க்கிறது.

மென்பொருள்

மூன்றிலும் இதுதான் தலையாயது. லைட்டும் பேட்டரியும் மவுஸோடு பிறந்தவை, விற்ற பிறகு நிறுவனம் மாற்ற முடியாதவை. மென்பொருள் வாங்கிய பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிறுவனம் நினைத்தால் நேற்றுவரை இயங்கிய மவுஸை இன்று முடக்கலாம், நேற்றுவரை இல்லாத வசதியை இன்று தரலாம். லாஜிடெக்குக்கு ஜி ஹப், ரேசருக்கு சினாப்ஸ், கோர்சேருக்கு ஐகியூ, ஸ்டீல்சீரிஸுக்கு ஜிஜி, ஆசஸுக்கு ஆர்மரி கிரேட். மூன்று நிறுவனங்களின் பொருள்களை மேசையில் வைத்திருப்பவர் மூன்று மென்பொருள்களைக் கணினியில் வளர்க்க வேண்டியிருக்கிறது.

முதல் சோதனை: மென்பொருளை நிறுவி, டிபிஐ, பட்டன், லைட், உறங்கும் நேரம் எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு மென்பொருளை முழுவதும் நீக்கிவிட்டு, மவுஸை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அமைத்தவை எவ்வளவு அப்படியே நிற்கின்றன? மவுஸுக்குள்ளேயே நினைவகம் இருந்து, அமைப்புகள் அதில் எழுதப்பட்டிருந்தால் எல்லாம் நிற்கும். ஜி502 லைட்ஸ்பீடில் அப்படி ஐந்து புரொஃபைல்களை வைத்துக்கொள்ளலாம். லாஜிடெக் இதற்கென்று, நிறுவத் தேவையில்லாத ஒரு சிறு நிரலையும் தந்திருக்கிறது; திறந்து, மவுஸுக்குள் எழுதி, மூடிவிடலாம். எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய நற்செயல் இது. சில மவுஸ்களில் டிபிஐயும் பட்டன்களும் மட்டும் நிற்கும், லைட் தன் இயல்பான வானவில்லுக்குத் திரும்பிவிடும். அப்படிப்பட்ட மவுஸில் நீங்கள் மங்கலாக்கி மிச்சம்பிடித்த மின்னோட்டம் மென்பொருள் ஓடும்வரை மட்டுமே உங்களுடையது. பேட்டரி நேரத்தை அறியவே இந்தச் சோதனை வேண்டியிருக்கிறது என்பதை மதிப்பீட்டாளர்கள் பலர் கவனிப்பதில்லை.

லைட்டின் அசைவை யார் கணக்கிடுகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. மவுஸின் சில்லுக்குள்ளேயே ஓடும் சுழற்சி ஒரு வகை. திரையில் தெரியும் நிறத்தையோ பாட்டின் தாளத்தையோ பார்த்துக் கணினி கணக்கிட்டு, நொடிக்குப் பல முறை ரேடியோ வழியே மவுஸுக்கு நிறம் அனுப்புவது இன்னொரு வகை. இரண்டாம் வகையில் எல்இடியின் செலவோடு, அந்தத் தகவலைக் கேட்டுக்கொண்டே இருக்கும் ரேடியோவின் செலவும் சேரும். கம்பி மாட்டி சார்ஜ் ஏறும்போது மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது சோதனை: கணக்குத் தொடங்காமல், மின்னஞ்சல் கொடுக்காமல், இணையம் இல்லாமல் மென்பொருள் திறக்கிறதா? மவுஸின் பட்டனை மாற்றுவதற்கு உள்நுழைவுச் சொல் கேட்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை. அமைப்புகளை இணையத்தில் சேமித்து வைப்பது விரும்புகிறவருக்கு வசதி. அதைக் கட்டாயமாக்குவது அத்துமீறல். கணக்கில்லாமல் நுழைய வழி இருந்தாலும், அதை எவ்வளவு சிறிய எழுத்தில் எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றாவது, அதிகாரம். மவுஸ் மென்பொருள் கணினியின் ஆழம்வரை இறங்குகிறது. 2021 ஆகஸ்டில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் காட்டியது நினைவிருக்கலாம்: விண்டோஸ் கணினியில் ரேசர் மவுஸையோ அதன் டாங்கிளையோ (கணினியில் செருகும் ரேடியோ துண்டு) செருகினால் விண்டோஸ் தானாகவே சினாப்ஸ் நிறுவியை உச்ச அதிகாரத்தில் தொடங்கும். எந்தக் கோப்புறையில் நிறுவுவது என்று அது கேட்கும் சாளரத்தின் வழியே, சாதாரணப் பயனர் ஒருவர் அந்தக் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிட முடிந்தது. நிறுவனம் பிறகு திருத்தியது. ஒரு சுட்டும் கருவிக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. கணினி தொடங்கும்போதே தானாகத் தொடங்கும் எத்தனை சேவைகளை ஒரு மென்பொருள் விதைக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் எண்ணிப் பார்ப்பது மதிப்பீட்டின் கட்டாயப் பகுதியாக வேண்டும்.

இதனால் மென்பொருளே வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2016இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார், பல நிறுவனங்களின் கம்பியில்லா மவுஸ் டாங்கிள்கள் வழியே தொலைவிலிருந்தே போலி விசைத்தட்டல்களைக் கணினிக்குள் செலுத்த முடியும் என்று நிரூபித்தார்கள். மவுஸ்ஜாக் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டையை, கருவிக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தே பெரும்பாலும் அடைக்க முடிந்தது. அப்படிப் புதுப்பிக்க வழியில்லாத டாங்கிள்கள் ஓட்டையோடேயே நின்றன. எனவே நான் வேண்டுவது, தேவைப்படும்போது வந்து ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, அமைப்பை மவுஸுக்குள் எழுதிவிட்டு, போகச் சொன்னால் போய்விடும் மென்பொருள். மவுஸுக்கும் டாங்கிளுக்கும் தனித்தனி ஃபர்ம்வேர் உண்டு. இரண்டையும் புதுப்பிக்கிறதா என்று பாருங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் இதில் ஒரு படி முன்னால் இருக்கிறார்கள். நிறுவனங்கள் கைவிட்டதால் அவர்களே பைப்பர், சோலார், ஓப்பன்ரேசர், ஓப்பன்ஆர்ஜிபி என்று எழுதிக்கொண்டார்கள். விண்டோஸ் 11இலும் 2023 முதல் டைனமிக் லைட்டிங் என்ற பகுதி செட்டிங்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்கு ஒத்துழைக்கும் மவுஸின் லைட்டை நிறுவன மென்பொருள் இல்லாமலே அடக்கலாம். வாங்குமுன் இந்த ஆதரவு உண்டா என்று பார்ப்பது, ஐந்தாண்டுக்குப் பிறகும் அந்த லைட் உங்கள் சொல்லைக் கேட்குமா என்று பார்ப்பதாகும்.

டாங்கிளைப் பற்றி இன்னும் ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் புளூடூத்தும் இதுவும் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. போதாததற்கு யுஎஸ்பி 3.0 துளையும் அதன் கம்பியும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன என்று இன்டெல் 2012இலேயே ஓர் ஆய்வறிக்கையில் காட்டியது. கணினியின் பின்புறம் ஹார்ட் டிஸ்க் கம்பிக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகினால் தகவல் சிதையும், மவுஸ் திரும்பத் திரும்ப அனுப்பும், பேட்டரி அதற்கும் அழும். மவுஸோடு வரும் நீட்டிப்புக் கம்பியைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள்.

பேட்டரியின் வயது

இதுவரை பேசியது ஒரு சார்ஜ் எவ்வளவு நேரம் ஓடும் என்பது. பேட்டரி எத்தனை ஆண்டு வாழும் என்பது இன்னும் பெரிய கேள்வி, அதை எழுதுகிறவர்களோ குறைவு. லித்தியம் அயனி பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஆடுகிறவருக்கு ஆண்டுக்கு 2190 மணி. 48 மணி ஓடும் மவுஸில் அது ஆண்டுக்கு 46 சுற்று. ஐந்நூறை எட்டப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் பட்டன் தேய்ந்திருக்கும். 17 மணி மட்டும் ஓடும் 8000 ஹெர்ட்ஸ் அமைப்பில் ஆண்டுக்கு 129 சுற்று. நான்கே ஆண்டில் ஐந்நூறு. மென்பொருளில் இழுத்துவிட்ட ஒரு ஸ்லைடர் பேட்டரியின் ஆயுளில் பல ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது.

சுற்றுகள் குறைவாக இருப்பவர்களின் பேட்டரியைக் கெடுப்பது வெப்பமும், முழுச் சார்ஜிலேயே கிடப்பதும். மொட்டைமாடியின் கீழ் உள்ள நம் ஊர் அறைகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் மவுஸை இரவு முழுதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது. எண்பது விழுக்காட்டில் சார்ஜை நிறுத்தும் வசதி மடிக்கணினிகளில் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மவுஸ் மென்பொருள்களில் அதை எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. கைபேசியைக் காப்பாற்ற அக்கறைப்படுகிறவர்கள் மவுஸுக்கும் அதைக் கேட்க வேண்டும்.

பேட்டரி கெட்டால் மாற்ற முடியுமா? பெரும்பாலான மவுஸ்களில் திருகுகள் அடிப்பக்கத்து வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே மறைந்திருக்கின்றன. பட்டையைக் கிழித்தால்தான் திருகு, திருகைக் கழற்றினால்தான் பேட்டரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு வரும் மாதிரிகளுக்காகக் காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருக்கலாம்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு லாஜிடெக் ஜி305 போன்றவை இருக்கின்றன. 2018இல் வந்தது, லைட் கிடையாது, ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் 1000 ஹெர்ட்ஸில் 250 மணி. ஆறு மணிக் கணக்கில் ஆறு வாரம். தீர்ந்தால் தெருமுனைப் பெட்டிக்கடையில் மாற்றுப் பேட்டரி கிடைக்கும். வயதாவது என்ற பிரச்சினையே இந்த மவுஸுக்கு இல்லை. எடைதான் விலை: அல்கலைன் பேட்டரி ஏறத்தாழ 23 கிராம், அதே அளவு லித்தியம் பேட்டரி 15 கிராம். திரும்பச் சார்ஜ் செய்யும் ஏஏ போட்டால் குப்பையும் மிச்சம். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட் மட்டுமே என்பதால் மென்பொருள் சில சமயம் சார்ஜைக் குறைத்துக் காட்டும், கவலை வேண்டாம்.

மென்பொருள் காட்டும் சார்ஜ் விழுக்காட்டைக் கொண்டு வீட்டிலேயே சோதிக்க விரும்புகிறவர்களுக்கு: லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். நடுவில் நெடுநேரம் 3.7ஐ ஒட்டியே சமதளமாக ஓடிக் கடைசியில் சடாரென்று விழும். அதனால் மேல்முனையிலும் கீழ்முனையிலும் காட்டும் எண்களை நம்ப வேண்டாம். 80இலிருந்து 30க்கு இறங்க எத்தனை மணி ஆட்டம் ஆனது என்று குறித்து இரண்டால் பெருக்குங்கள். ஒரு முறை லைட்டோடு, ஒரு முறை லைட் இல்லாமல். உங்கள் அறையின், உங்கள் கையின் ஒளிப்பங்கு கிடைத்துவிடும். பெட்டியின்மேல் இருப்பதைவிட அதுவே உங்களுக்கு உண்மை.

ஆக, என் தீர்ப்பு இது. மென்பொருளை நீக்கிய பின்னும் அமைப்பு முழுவதும் நிற்கும் மவுஸ் முதல் தரம். அதில் ஒளிப்பங்கு கால்வாசிக்குக் கீழே இருந்து, பேட்டரியையும் மாற்ற முடிந்தால் விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம். மென்பொருள் ஓடினால் மட்டும் அடங்கும் மவுஸை, எவ்வளவு அழகாக ஒளிர்ந்தாலும், எத்தனை மணி விளம்பரப்படுத்தினாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழில் மவுஸ் மதிப்பீடு எழுதுகிறவர்களிடமும் காணொளி செய்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பேட்டரி இத்தனை மணி நேரம் வந்தது என்று சொல்லும் அதே மூச்சில், லைட் எரிந்ததா, எரிந்தால் என்ன நிறம், எத்தனை ஹெர்ட்ஸ், மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.